கடல் வெறுமையான நாட்கள்

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கப்பல் ஊதும் சத்தத்தைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அது நின்றுபோன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உள்நாட்டு யுத்தத்தின் ஒரு கட்டத்தில் கொழும்புக்கு வரும் கப்பல்களின் காப்புறுதிக் கட்டணம் ஒரேயடியாக ஏறியது. கம்பனிகள் எங்கள் துறைமுகத்தை ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் போயின. நான் அப்போது கொழும்பு கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். காலையில் போய் மெஷினைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டு வருவேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் கூடி வேதாகமம் வாசிப்போம். வாசித்து விளங்கப்படுத்துவது என் பொறுப்பு. கூடும் இடம் ஒரு வியாபாரியின் வீட்டு மூன்றாம் மாடி. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, கயிறு, பெயின்ற் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். அறுபத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை. ஒரே மகள் கலியாணம் முடித்து வெள்ளவத்தையில் இருந்தா. துறைமுகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த மாடியைக் கட்டியதாகச் சொல்வார். “என்ர சாமானைச் சாப்பிடாத கப்பல்காரன் உலகத்தில இல்லை” என்பதும் அவர் அடிக்கடி சொல்வதுதான். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிடுவோம்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, தீர் என்ற பழைய கடற்கரைப் பட்டினத்தின் அழிவைப் பற்றிய பகுதியை வாசிக்க எடுத்தேன். அவருடைய பெருமைப் பேச்சை மனதில் வைத்துத்தான் எடுத்தேன் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பட்டினத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து இறங்கிய சாமான்களின் பட்டியல் முதலில் வரும். வெள்ளி, ஈயம், யானைத்தந்தம், கருங்காலி, பவளம், கோதுமை, தேன் என்று நீண்டுகொண்டே போகும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அந்த இடத்தைத் திரும்ப வாசி பிள்ளை.”

திரும்ப வாசித்தேன். பிறகு மற்றப் பகுதிக்கு வந்தேன். பாரம் ஏற்றிய கப்பல் நடுக்கடலில் உடைவது, கரையில் நின்று மாலுமிகள் தலையில் புழுதி போட்டுக்கொண்டு அழுவது, செல்வம் பெருகப் பெருகத் தன்னைக் கடவுள் என்றே எண்ணிக்கொண்ட அதன் அரசன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். வாசித்து முடிவதற்குள் அவர் எழும்பி ஜன்னலடிக்குப் போய், பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

“கிரேக்கக் கப்பல் ஒண்டு வந்து நிக்குது. நாளைக்கு வெங்காயம் கேப்பான். வந்து பார்.”

பார்த்தேன். கடல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு தோணிகூட இல்லை.

“தெரியுதா?”

“ஓம் அங்கிள்” என்றேன். வயதானவர், அவருடைய வீடு, ஏன் மனதை நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்து ஓம் என்றார்கள். கடைசியாகப் பார்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். கனநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டெல்லோ நிக்குது” என்றா. அவவும் என்னைப்போலப் பொய்தான் சொன்னாவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அவ வேதாகம வகுப்புக்கு வரவேயில்லை.

அதன் பிறகு அவர் கொப்பியொன்றில் கப்பல்களின் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினார். கீழ்மாடியில் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. எடுத்துப்போக யாரும் இல்லை. அழுகல் மணம் படிக்கட்டு வழியாக மேலே ஏறிவந்து எங்களோடு இருந்தது. அவருக்கு மட்டும் அது மணக்கவில்லை. வாசிப்பின் நடுவே திடீரென்று தலையைச் சரித்து, “ஊதுறான், கேக்குதா?” என்பார். நான் விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்வேன்.

ஒரு புதன்கிழமை காலை பொலிசார் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். பைனாகுலரையும் கொப்பியையும் கண்டதும் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். மகள் அழுதுகொண்டு என் ஒபீசுக்குப் போன் எடுத்தா. இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடாமல் சிங்களத்தில் கேட்டார். “துறைமுகத்தைப் பார்த்துக் கப்பல் வரவை எழுதிவைக்கிற ஒரு தமிழர். நான் என்ன நினைப்பது, மிஸ்?”

கொப்பியில் பதினான்கு பெயர்கள் இருந்தன. அவற்றைக் குறித்துக்கொண்டு ஒபீசுக்குப் போய்ப் பழைய பதிவுகளைக் கிளறினேன். பதின்மூன்று கப்பல்கள் அகப்பட்டன. எல்லாம் முன்னொரு காலத்தில் கொழும்புக்கு வந்து போனவை. சிலவற்றை உடைத்து இரும்புக்கு விற்றிருந்தார்கள். ஒன்று தீப்பிடித்து எரிந்தது. ஒன்று ஆட்களோடு கடலில் மூழ்கியது. உயிரோடு ஒரு கப்பலும் இல்லை. பதினான்காவது பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

திரும்பிப் போய்ச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் கடைசிப் பெயரில் விரலை வைத்தார். “இது?”

“தெரியாது சேர்.”

அவர் எழும்பி ஜன்னலடிக்குப் போய்க் கடல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கப்பல் ஒன்றும் நிற்கவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும். விட்டுவிடுகிறேன்” என்றார்.

அங்கிளைக் கூட்டிவந்தார்கள். காலில் செருப்பில்லை. சேட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.

“அப்பா, கப்பல் இல்லை எண்டு சொல்லுங்கோ” என்று மகள் கெஞ்சினா.

அவர் என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீயும் பாத்தனிதானே?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லை அங்கிள். நான் ஒண்டும் பாக்கேல்லை. அண்டைக்குப் பொய் சொன்னனான்.”

அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. “அண்டைக்கு வாசிக்கேக்கை நீ எனக்கெண்டுதான் வாசிச்சனி. அது எனக்குத் தெரியும்” என்றார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, தெளிவான சிங்களத்தில், “கப்பல் இல்லை மாத்தயா. ஒன்றும் இல்லை” என்றார். அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

மகள் அவரைத் தன்னோடு கூட்டிப்போனா. சில மாதங்களில் கட்டணம் இறங்கி, கப்பல்கள் வரத் தொடங்கின. அவர் தொழிலுக்குத் திரும்பவில்லை. வீட்டை விற்றார்கள்.

ஒருமுறை வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டும் தெரியும் அறை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பெருமை எண்டு நீ வாசிச்சது சரிதான். ஆனா பயமும் இருந்தது பிள்ளை. கப்பல் ஊதுற சத்தம் நிண்டாப் பிறகு நான் ஆர் எண்டு எனக்கே தெரியேல்லை.”

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தா. குடித்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அடுத்த கிழமை, வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். கொஞ்சக் காலத்துக்கு எதையும் யாருக்கும் விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.