படத்தில் காணாமல் போன விரல்கள்

எங்கள் ஊர் மோகனூர். என் மகளுக்கு ஒன்பது வயது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் போதும், விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். உடல் சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவில் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிடலாம் என்றார் சேலத்து மருத்துவர்.

ஏசி அறையில் எங்களை உட்கார வைத்த நர்ஸ், "கையை எதுலயும் வைக்காம சும்மா இருக்கட்டுங்க. கொஞ்ச நேரங்கழிச்சுப் படம் எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குளுருல கை வலிக்குதும்மா" என்றாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. "இங்க கொண்டா சாமி" என்று அவள் கைகளை வாங்கித் தேய்த்தேன், வாயால் ஊதினேன். நர்ஸ் வரும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன்.

படத்தில் இரண்டு கைகளும் விரல் நுனிவரை சூடாக, செக்கச்செவேலென்று தெரிந்தன. "ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்குது" என்று அனுப்பிவிட்டார்கள்.

மார்கழியில் மோதிர விரலின் நுனி கறுத்துப் புண்ணானது. மறுபடியும் அதே அறை. இந்த முறை நான் தொடவில்லை. திரையில் உள்ளங்கை மட்டும் இருந்தது. விரல்கள் இருட்டோடு இருட்டாகியிருந்தன.

"அன்னைக்குக் கையைச் சூடு பண்ணினீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"குளுருதேன்னு தேச்சு உட்டனுங்க."

அவர் பழைய படத்தை எடுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

புண் ஆறிவிட்டது. போன நுனிச் சதை வளரவில்லை. வீட்டில் அவள் கைகளுக்கு உறை போட்டுப் பொத்திப் பொத்தி வைக்கிறேன். மறுபடி படம் எடுக்கப் போகும்போது அந்த அறையில் மட்டும், அவள் கையை நீட்டினாலும், என் கைகளை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு தள்ளி உட்காருகிறேன்.