சாம்பார் சிந்தாத பிரேக்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. மறதி வேறு... போன வாரம் என்ன எழுதினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளும் மருமகனும் இங்கே தகனினி என்ற ஊரில் கேட்டரிங் செய்கிறார்கள். அண்டாக்களை ட்ரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போவார்கள். போன மாதம் புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விருந்து. மோட்டர்வேயில் முன்னால் போன கார் கொஞ்சம் வேகம் குறைத்தது. மருமகன் பிரேக்கைத் தொட்டார் — தொட்டதுதான்! ட்ரெய்லர் வெடுக்கென்று பிடித்து இழுத்தது. போய்த் திறந்து பார்த்தால், அண்டாவில் பாதிச் சாம்பார். தரையில் மீதி.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தா எங்களை ஆர் கூப்பிடுவினம்?" மகள் அழுதே விட்டாள். அதே ஊரில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர்.

சரி, பிரேக் கன்ட்ரோலரை மாற்றுவோம் என்று முடிவானது. கார் பிரேக் போடும்போது ட்ரெய்லரையும் போடச் சொல்லும் சின்னப் பெட்டி அது. கடைக்காரர் மலேசியத் தமிழர். நான் கூச்சத்தில் மருமகனின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"உங்க பழசுக்கு மெதுவா மிதிச்சாலும் ஓங்கி மிதிச்சாலும் ஒண்ணுதான். செட் பண்ண அளவுக்குப் பிடிச்சிடும். இது அப்படி இல்ல லா. கார் எவ்வளவு ஸ்லோ ஆகுதோ, அதுக்கு ஏத்த மாதிரி பிடிக்கும். சாப்பாடு ஏத்துறீங்கன்னா இதை எடுங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பழைய பெட்டி நான்தான்! பூனை வந்தாலும் லாரி வந்தாலும் ஒரே குரலில் "ஐயோ, பிரேக்!" என்று கத்துகிறவள் வேறு யார்?

கல்யாண நாள். எல்லாம் ஏற்றியாயிற்று. ட்ரெய்லர் வயரைக் காரில் சொருகினால், புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. பின்னால் ட்ரெய்லர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை! மருமகன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

"மாமி... இதுக்குள்ளை சந்தனம் வைச்சது ஆர்?"

"புதுச் சாமான் எல்லோ தம்பி. பெட்டிக்கு வைச்சன்... அதோடை சேர்ந்த வயருக்கும் வைச்சன்."

"பொட்டு வையுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஓட்டை ஓட்டையாத் தேடியே வைக்கிறது?"

"அம்மா, நீங்கள் போய்க் காருக்குள்ளை இருங்கோ!" இது மகள்.

பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைச் சுரண்டினார் மருமகன். மகள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒருவழியாகப் பச்சை எரிந்தது. கடைக்காரர் சொன்னபடி, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக் போட்டு, பெட்டியில் உள்ள திருகு குமிழைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிட்டுப் புறப்பட்டோம்.

எனக்கோ நம்பிக்கை வரவில்லை. பொம்பிளை மாப்பிள்ளைக்கென்று தனியாக வைத்த பாயச வாளியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். மடியை விடப் பத்திரமான இடம் உண்டா?

புக்கெகோஹிக்குள் நுழைந்ததும் குறுக்கே ஒரு டிராக்டர் வந்தது. "ஐயோ, பிரேக்!" — கத்தியதோடு, என் பக்கத்தில் இல்லாத பிரேக்கையும் ஓங்கி மிதித்தேன். காரும் ட்ரெய்லரும் சத்தமில்லாமல் நின்றன. அண்டாவில் சாம்பார் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பாயசம் முழுக்க என் சேலையில்.

வயர் வேலை தெரிந்த யாராவது, பெட்டியைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் சொல்லிவிட்டாள்.