தரையில் நின்ற செல்லத்துரை அண்ணன்

ஞாயிறு விடிகாலையில் எங்கள் பறக்கும் கிளப்பின் வாட்ஸப் குழுவுக்கு வரும் முதல் செய்தி எப்போதும் காற்றைப் பற்றித்தான் இருக்கும். சென்ற வாரம் செல்லத்துரை அண்ணன் தவறிப்போன செய்தி வந்தது. அன்று யாரும் தோவாளை வயலுக்குப் போகவில்லை. எல்லோரும் குலசேகரத்திலுள்ள அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணனை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளப்பைத் தொடங்கியவர் அவர்தான். வளைகுடாவில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் வீடு கட்டுவார்கள். இவர் பாராமோட்டரோடு வந்து இறங்கினார். முதுகில் கட்டும் விசிறி எந்திரம், தலைக்கு மேல் ஒரு துணிச் சிறகு, அவ்வளவுதான். ரப்பருக்கு மருந்தடிக்கும் புது மெஷின் என்று நினைத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் அதை வாடகைக்குக் கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அண்ணன் சிரிக்காமல் சொல்லி அனுப்பினாராம். பறக்கும் ஆசையுள்ள சிலர் அவரோடு சேர்ந்தோம். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானும் ஒருத்தி. பெண்ணுக்கு எதற்கு இது என்று மற்றவர்கள் இழுத்தபோது, அவர் என்னிடம் கேட்டது என் எடையை மட்டும்தான்.

எங்கள் வயலிலிருந்து பார்த்தால் காற்றாலைகள் தெரியும். அவை சுற்றாவிட்டால் காற்று அடங்கியிருக்கிறது, பறக்கலாம் என்று கிளம்பிவிடுவோம். இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஒரு வைகாசிக் காலையில் அவை சும்மா நின்றன. தரையில் இலையும் அசையவில்லை. அண்ணன் கிளம்பினார். மின்கம்பி வேலைக்காக அவற்றை நிறுத்திவைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. மேலே போனதும் கணவாய்க் காற்று அவரை அள்ளிக்கொண்டு போய், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தாமரைக்குளத்தின் கரையோரச் சேற்றில் போட்டது. பூவெல்லாம் நாசமாகிவிட்டதென்று குளத்துக் குத்தகைக்காரர் திட்டித் தீர்த்தார். அண்ணன் சேற்றில் நின்றபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு விதி கொண்டுவந்தார். பறக்கும் நாளில் முறைவைத்து ஒருவர் தரையில் நிற்க வேண்டும். அன்று அவர் பறக்கக் கூடாது. காற்றையும் ஆளையும் பார்ப்பதே அவர் வேலை. தரையில் நிற்பவர் வேண்டாம் என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதன்முதலாக என் முறை வந்தபோது, அனுபவசாலிகளை நான் எப்படித் தடுப்பது என்று தயங்கினேன்.

"மக்ளே, ஒனக்கு வேண்டாம்னு தோணினா வேண்டாம். காரணம் ஒண்ணும் சொல்லாண்டாம்," என்றார் அண்ணன்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து சிகிச்சை முடிந்து, சில மாதம் கழித்து அவர் வயலுக்கு வந்தார். டாக்டர் சரி என்றுவிட்டதாகச் சொன்னார். காற்று அருமையாக இருந்தது. எந்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். தரையில் நின்றது நான். அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. வேண்டாம் அண்ணே என்றேன். கிளப்பைத் தொடங்கியவரையே தடுப்பதா, ஒரு சுற்று போய்வரட்டுமே என்று மற்றவர்கள் பரிந்து பேசினார்கள். அவர் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, துணியை மடிக்க உட்கார்ந்தார். அதன்பின் அவர் பறக்கவேயில்லை. ஞாயிறுதோறும் வந்து, அன்று முறை யாருடையதோ அவரோடு தரையில் நின்றார்.

நான் செய்தது சரியா என்று இந்த ஒரு வருடமும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அடக்கத்தன்று, கடைசியாக ஒருமுறை பறக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. முற்றத்தில் கிளப்பை மூடிவிடலாமா என்ற பேச்சும் நடந்தது. வயலைச் சுற்றி மனைக்கற்கள் வந்துவிட்டன; அண்ணனும் இல்லை. நான் அவர் மனைவி கிரேஸ் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே கிளம்பப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு, வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரே சிரிப்பு மக்ளே. இனி எனக்க கிளப்ப பத்திப் பயமில்ல, என்னையே அவ பறக்க விடல்லன்னு சொன்னாரு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிளப்பை மூடவில்லை, வேறு வயல் தேடுகிறோம். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, நான் பார்க்காத அந்தச் சிரிப்பை. வருகிற ஞாயிறு தரையில் நிற்பது நான்தான்.