ஆயுள் விசாரிக்கும் உமா மகேஸ்வரி

"அண்ணாச்சி, இது எத்தன வருஷம் வரும்?"

தென்காசிக் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அடியைத் தட்டிப் பார்த்தபடி கேட்கிறார் உமா மகேஸ்வரி. தலையில் ஹெல்மெட் அப்படியே இருக்கிறது. ரெண்டு வருஷம் கேரண்டி என்கிறார் கடைக்காரர். "கேரண்டி கெடக்கட்டும். உங்க வீட்டுல இருக்க வாளி எத்தன வருஷமா இருக்கு?" கடைக்காரர் யோசிக்கிறார், பிறகு சிரிக்கிறார். "அது கெடக்கு ஏழெட்டு வருஷமா." வாளி ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறுகிறது. உமா மேலகரத்துக்குக் கிளம்புகிறார்.

எதைப் பார்த்தாலும் அதன் ஆயுளை விசாரிப்பது அவர் வழக்கம். குற்றாலத்தில் பேரருவிக்குக் குளிக்கப் போனாலும், பிடித்துக்கொள்ளும் கம்பியைத் தடவிப் பார்த்து, "இத எப்பப் போட்டாவ?" என்று பக்கத்தில் எண்ணெய் வழிய நிற்கும் பெண்ணிடம் கேட்பார். அந்தப் பெண் பாவம், விருதுநகரிலிருந்து குளிக்க வந்தவள்.

நாற்பத்து மூன்று வயது. சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். இப்போது தென்காசி வட்டாரத்தில் ஸ்கேன் சென்டர், நகைக்கடை, குற்றாலத்து லாட்ஜ் என்று சொந்தமாக ஆலோசனை சொல்கிறார். சமீப காலமாக அவருடைய பேச்சில் முக்கால்வாசி குவாண்டம் கணினி. இணையத்தில் போய்வரும் ரகசியங்களும் கையெழுத்துகளும் பெரும்பாலும் சில கடினமான கணக்குகளை நம்பியே இருக்கின்றன. அந்தக் கணக்குகளை உடைக்க இன்றைய கணினிகளால் ஆகாது. குவாண்டம் கணினி முழு வலுவோடு வந்தால் அதற்கு ஆகும். எந்த வருஷம் வரும் என்று அடித்துச் சொல்பவர்களை உமா நம்புவதில்லை.

வியாபாரிகள் கூட்டங்களில் முகமூடித் திருடன் படமெல்லாம் காட்ட மாட்டார். "பயப்படாதிய" என்றுதான் தொடங்குவார். "பயந்தவன் ஒண்ணும் செய்ய மாட்டான், அப்படியே போர்த்திப் படுத்துக்கிடுவான். உங்ககிட்ட இருக்கத ஒவ்வொண்ணா எடுத்து, இது எம்புட்டு நாளு பத்திரமா இருக்கணும்னு மட்டும் பாருங்க." ஆதார் நகல்களைச் சேர்த்துக்கொண்டே போன லாட்ஜ் முதலாளி ஒருவரிடம், "சட்டம் கேக்குத நாளு வரைக்கும் வைங்க. அதுக்கு மேல ஒரு நாளு வேண்டாம். உங்ககிட்ட இல்லாதத எந்தக் கம்ப்யூட்டரும் திருடாது" என்றார். அன்று அந்த லாட்ஜில் ஒரு அலமாரி காலியானது.

வேல்ராஜின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

சுரண்டை சாலையில் ஷெட் போட்டு, விவசாயிகளுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்பவர் வேல்ராஜ். கிணற்று மேட்டில் மாட்டும் பெட்டி அது. வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். அலுவலகக் கணினியில் வைரஸ் என்று மாசி மாதத்தில் உமாவைக் கூப்பிட்டிருந்தார். உமா கணினியைப் பார்க்கும் முன்பு, கோடை விற்பனைக்காக அடுக்கி வைத்திருந்த புதுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

"இது எத்தன வருஷம் வரும் அண்ணாச்சி?"

"பதினஞ்சு வருஷம் அசையாது மேடம். வெயிலு, மழ, எலி, எதுக்கும் அசையாது."

பெருமையாகத்தான் சொன்னார். உமாவுக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப ஒரு நாக்காலி போடுங்க" என்றார்.

பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில் திருத்தம் வேண்டுமென்றால், வேல்ராஜின் அலுவலகத்திலிருந்து சிம் கார்டு வழியாகவே அனுப்பிவிடலாம். வந்தது வேல்ராஜிடமிருந்துதான் என்று பெட்டி தெரிந்துகொள்வது, அதோடு வரும் டிஜிட்டல் கையெழுத்தை வைத்து. கையெழுத்து சரியாக இருந்தால், என்ன சொன்னாலும் பெட்டி கேட்கும்.

"அந்தக் கையெழுத்த இன்னைக்கு எவனும் கள்ளத்தனமாப் போட முடியாது. குவாண்டம் வந்துட்டா போட்டுருவான். உங்க பேரச் சொல்லி எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்துல ஓட விட்டான்னா? தண்ணியில்லாத கெணத்துல மோட்டார் எம்புட்டு நேரம் தாங்கும்?"

"காயில் கருகிப் போயிரும்" என்றார் வேல்ராஜ். "சரி, அது எப்ப வருமாம்?"

"தெரியாது."

"தெரியாததுக்கா இந்தப் பாடு?"

"பத்து வருஷமோ, கூடவோ கொறையவோ. ஆனா அது வரும்போது உங்க பெட்டி கெணத்து மேட்டுலதான உக்காந்திருக்கும்?"

குவாண்டம் கணினிக்கும் அசையாதபடி புதுவகைக் கையெழுத்து முறைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கையெழுத்து அளவில் பெரியது. பெட்டியிலிருந்த சின்னச் சிப்பில் அதற்கு இடமில்லை. சிப்பை மாற்ற வேண்டும், போர்டை மாற்ற வேண்டும், அடுக்கி வைத்த அத்தனை பெட்டியையும் பிரிக்க வேண்டும். கோடை விற்பனையில் பாதி போய்விடும்.

வேல்ராஜ் எழுந்தே விட்டார். "பொங்கல்லருந்து பிள்ளைக உக்காந்து மாட்டிருக்கு. வராத சாமிக்கு இப்பமே கெடா வெட்டச் சொல்லுதீய!"

அடுத்த வாரம் மதுரையிலிருந்து வேறொரு நிபுணரை வரவழைத்து, பெட்டி பாதுகாப்பானது என்று எழுதி வாங்கி, அதை உமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உமா கோபப்படவில்லை. "அவரு சொல்லுதது இன்னைக்குச் சரி" என்று பதில் போட்டார். பிறகு போன் செய்து, "மொத மொத வித்த பெட்டியெல்லாம் வாசுதேவநல்லூர் பக்கம்னு சொன்னியளே, ஒரு நட போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றார்.

உமாவைப் பற்றி எழுதுவதற்காகக் கூடவே சுற்றிய நானும் வேல்ராஜின் காரில் பின்சீட்டில் இருந்தேன். முப்பிடாதியம்மாள் என்ற விவசாயியின் எலுமிச்சைத் தோட்டத்தில், அப்படி விற்ற ஒரு பழைய பெட்டி, கீல் துருப்பிடித்து, மூடி விழாமல் சேலைத் துணியால் கட்டப்பட்டிருந்தது. வேல்ராஜுக்கு வெட்கமாகிவிட்டது.

"அக்கா, இத மாத்திருவோம். புதுசு பாதி வெலைக்குத் தாரேன்."

"எதுக்கு?"

"பழசாயிட்டுல்லா."

"மோட்டார் ஓடுதுல்லா? ஓடுதத எதுக்குக் கழத்தணும்?" கூடையில் காய் பொறுக்குவதை அந்த அம்மாள் நிறுத்தவில்லை.

"சரி, சும்மாவே தாரேன்."

"சும்மா தந்தாலும் வேண்டாம். இது எங்கைக்குப் பழகிட்டு. நான் இருக்க மட்டும் இங்கனதான் கெடக்கும்."

திரும்பும் வழியில், புளியங்குடி தாண்டியதும் வேல்ராஜ் காரில் ஓடிய பாட்டை நிறுத்தினார்.

"ஒண்ணக்கூடத் திரும்ப வாங்க முடியாது போலுக்கே மேடம்."

"முடியாது அண்ணாச்சி."

மறுநாள் காலையில் ஷெட்டில் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

கோடை கையை விட்டுப் போனது. சிவகிரிக் கடைகளில் வேறு கம்பெனிப் பெட்டிகள் விற்றன. அந்த மாதங்களில் வேல்ராஜ் உமாவிடம் நேராகப் பேசவில்லை, எதுவானாலும் ஆள்விட்டுச் சொன்னார். உமா அதைக் கண்டுகொள்ளாமல் தினமும் வந்தார். கள்ளக் கையெழுத்துகளைத் தானே தயாரித்துப் புதுப் பெட்டிக்கு அனுப்புவார். "ஏலே, ஏமாறுதியா? ஏமாறுதியா?" என்று பெட்டியிடமே கேட்பார். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்தால், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் தாய்போல எல்லோரையும் திரும்பிப் பார்ப்பார்.

மிச்சமிருந்தது, வயல்களில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகள். அவற்றில் புதுக் கையெழுத்துக்கு இடமில்லை. கழற்றித் தரவும் யாரும் தயாரில்லை. உமா ஒரு வழி சொன்னார். பழைய கையெழுத்து செல்லுபடியாகும் இப்போதே, அதைக் கொண்டு கடைசியாக ஒரு திருத்தம் அனுப்புவது: இனி யார் திருத்தம் அனுப்பினாலும் ஏற்காதே. விவசாயியின் போனுக்கு மோட்டார் வழக்கம்போல ஓடும். ஆனால் பழுது என்றால் ஆள் நேரில்தான் போக வேண்டும்.

"காதப் பொத்திக்கிடச் சொல்லுதீய" என்றார் வேல்ராஜ். நெடுநாளைக்குப் பிறகு நேராகச் சொன்னது அது.

"ஆமா."

"பெத்த பிள்ளைட்ட, இனிமே எம்பேச்சக் கேக்காதன்னு சொல்லுத மாதிரி இருக்கு." திரையை உமாவின் பக்கம் திருப்பினார். "அனுப்புங்க."

முதலில் ஷெட்டிலிருந்த ஒரு பழைய பெட்டிக்கு, பிறகு ஒரு ஊருக்கு, பிறகு எல்லாவற்றுக்கும். டவர் கிடைக்காத தோட்டங்களுக்கு ஆட்கள் பைக்கில் போனார்கள். கடைசிப் பெட்டியும் பதில் சொன்ன அன்று வேல்ராஜ் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தந்தார். உமாவின் இலையில் சால்னாவைத் தானே ஊற்றினார்.

புதுப் பெட்டியில் முதலாவதை ஆனி மாதச் சாரலில், இலஞ்சிப் பக்கம் ஒரு தோப்பில் மாட்டினார்கள். வேல்ராஜ் தோப்புக்காரரிடம், "இத ஒலகத்துல எவனாலயும் ஏமாத்த முடியாது. மேடமே சொல்லிட்டாவ" என்று விளக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் சருகு சிக்கியிருக்கும் என்று, கடற்கரை என்ற எலக்ட்ரீஷியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார்.

உமா கைப்பையைத் தரையில் வைத்தார். மோட்டார் அறைக்குள் போய் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். இனி யார் போன் அடித்தாலும் மோட்டார் ஓடாது. நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தபடி, கடற்கரை மேலே ஏறி வரும் வரை கிணற்றோரம் நனைந்துகொண்டு நின்றார்.