ராகு காலத்தில் வெந்த பல்

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் பல் கட்டிக் கொடுக்கும் லேப் ஒன்றில் வேலை செய்கிறேன். பல்லைச் சுட்டெடுக்கும் புது ஃபர்னஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி தேங்காய் உடைத்து, மெஷினுக்குப் பொட்டு வைத்தார். நானும் திருநீறு பூசிக்கொண்டுதான் சுவிட்சைத் தொட்டேன். அதுவரை ஒரு குறையுமில்லை.

முதல் வேலை, கலஹாவிலிருந்து வந்த சாந்தியின் முன்பல். பஸ்ஸில் விழுந்து உடைத்துக்கொண்டவள். அன்று பின்னேரமே கண்டியில் ஹோட்டல் ரிசெப்ஷன் வேலைக்கு அவளுக்கு இன்டர்வியூ. பல் வந்ததும் ஒட்டிவிட மாடியில் டொக்டர் தயாராக இருந்தார். சாந்தி வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு லேபிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பல்லைச் சின்னக் கண்ணாடி பிளொக் ஒன்றிலிருந்து கடைந்தெடுப்போம். கடைந்ததும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். ஃபர்னஸில் மெதுவாகச் சூடேறி, உரிய சூட்டில் நின்றால்தான் கண்ணாடிக்குள் பொடிப்பொடியாகக் கிரிஸ்டல் முளைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பல்லின் நிறமும் பலமும் அப்போதுதான் வரும்.

பத்து மணி தாண்டியதும் முதலாளி கலண்டரைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம். முதல் பல்லு அதுக்குள்ள வெளிய வந்திறணும். தெறங்க ராமையா."

"இன்னும் வேகல முதலாளி."

"வெந்தது போதும். மிச்சத்த சாமி பாத்துக்கும்."

அவரே நிறுத்தித் திறந்தார். இடுக்கியால் சுடச்சுட எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் வைத்தார். 'டிக்' என்றது. நிறம் மாறாமலே பல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

சாந்தி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதையா மாட்டிக்கிட்டு சிரிக்கணும்?"

"திருஷ்டி கழிஞ்சிருச்சும்மா," என்றார் முதலாளி. "பன்னெண்டுக்கு மேல வேற ஒண்ணு போடுவோம்."

"அப்புறம் எப்ப ஒட்டுறது, எப்ப பஸ் புடிக்கிறது? இப்பவே போடுங்க அண்ணே."

"ராகு காலத்துலயா?"

"ஓட்டப் பல்லோட போனா எனக்கு நாள் பூரா ராகு காலந்தான் முதலாளி!"

வெள்ளி விரதம் தவறாதவன் நான். எனக்கும் கை கூசியது. அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, இரண்டாவது பிளொக்கைக் கடைந்து உள்ளே வைத்தேன். பாவத்தில் பங்கு வேண்டாமென்று முதலாளி வாசலுக்குப் போய்விட்டார். ஃபர்னஸ் வேலையை முடித்துத் தானாகத் திறக்கும்வரை நான் கிட்டவே போகவில்லை. வந்த பல், பக்கத்துப் பல்லுக்குக் கூடப்பிறந்தது போலிருந்தது.

வேலை கிடைத்துவிட்டதென்று அடுத்த கிழமை கேக் பெட்டியோடு வந்தாள் சாந்தி. இப்போது முன்பல் என்றாலே, ராகு காலம் வரட்டும் என்று முதலாளி டொக்டர்மாரைக் காக்க வைக்கிறார். கேட்டால், "அனுபவம்" என்கிறார்.

நான் படித்துக்கொண்டது இதுதான். சுவிட்சைப் போடுமுன் மனதாரக் கும்பிடுங்கள். போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதுவும் சாமிக்குச் செய்கிற மரியாதைதான்.