மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே கோமதி டீச்சர்

யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் கெட்ட செய்தியைத்தான் எதிர்பார்ப்பேன். என் பிறவி அப்படி. போன வாரம் விடிந்ததும் தட்டியவர் கோமதி டீச்சரின் தம்பி. வாசுதேவநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். நனைந்த குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். "அக்கா போயிட்டா அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குன்னா. டாக்டர் வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு." அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி ஆய்வகத்துப் பொடியால் வந்த வினையோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதே பொடியை இத்தனை வருஷம் சூடேற்றியவன் நான்தானே?

டீச்சர் எங்கள் கல்லூரியில் பௌதிகம், நான் ரசாயனம். இதைப் படிக்கும் உங்களில் அவரிடம் பாடம் கேட்டவர்களுக்கு 'ஆற்றல் இடைவெளி' என்ற சொல் ஜென்மத்துக்கும் மறக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிச்சம் பட்டால் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் சில பொருள்கள் உண்டு. காட்மியம் சல்பைடு அதில் ஒன்று; பார்க்க மஞ்சள்பொடி மாதிரியே இருக்கும். அதற்குள் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதுதான் இடைவெளி. நீல வெளிச்சத்தில் அந்த ஆற்றல் உண்டு, சிவப்பில் கிடையாது. சிவப்பை அண்டா அண்டாவாகக் கொட்டினாலும் எலக்ட்ரான் அசையாது. ஆனால் செலினியம் சேர்த்துச் சூடேற்றினால் இடைவெளி சுருங்கும். மஞ்சள் பொடி ஆரஞ்சாகும், அப்புறம் குங்குமமாகச் சிவக்கும். சிவப்பு வெளிச்சத்துக்கும் மசியத் தொடங்கிவிடும். எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது டீச்சரின் வேலை. முப்பட்டகத்தால் வெளிச்சத்தைப் பிரித்து, ஊதாவில் தொடங்கி ஒவ்வொரு நிறமாகப் பொடியின் மேல் விழவிட்டு, மின்சாரத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் முள் எந்த நிறத்தில் படுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார். சூடேற்றிக் கொடுப்பது என் பாடு.

மஞ்சள் பொடியும் செலினியமும் அடைத்த கண்ணாடிக் குழல் உலைக்குள் சிவந்து கொண்டிருக்கும். எந்த நிமிஷமும் வெடிக்கலாம். வெடித்தால் வரும் புகை ஆளைக் கொல்லும். நான் கதவோரம் செருப்பை மாட்டிக்கொண்டே நிற்பேன். டீச்சர் உலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். "பயமா இல்லையா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஓடிட்டா உலையை யாரு அணைக்கது?" என்றார். ஆறின பொடியை அவரே பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பெருக்க வரும் பெண்கள் குங்குமம் என்று எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அந்தப் பயம் அவருக்கு என்றும் போகவில்லை.

ஒரு அமாவாசை அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாற வந்த என் மனைவி மூக்கைச் சுளித்தாள். "நல்ல நாளும் அதுவுமா பூண்டு வாடை அடிக்கு. எங்கன போயி தின்னிய?" எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பூண்டு தின்னவில்லை. செலினியம் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு வாடை வரும் என்று படித்திருந்தேன். மறுநாள் டீச்சரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க தெருவில எல்லாரும் பூண்டு தின்னுதவங்க. எனக்கு வாடை அடிச்சாலும் சொல்ல ஆளு இல்லை. உங்க வீட்டம்மா மூக்கு நல்ல மூக்கு" என்றவர், அந்த வாடை போகிற வரைக்கும் என்னை உலைப் பக்கமே விடவில்லை. சூடேற்றும் வேலையையும் அவரே பார்த்தார்.

எதற்கு இந்தப் பாடெல்லாம் என்றால், குற்றாலத்துக்காக. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிவிடும். குளிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெள்ளத்துக்குச் சற்று முன்னால் தண்ணீர் கலங்கி வரும். மேலே ஆற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாயில் கொஞ்சம் தண்ணீரை இறக்கி, பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடவிட்டார் டீச்சர். பெட்டிக்கு ஒருபுறம் பல்பு, மறுபுறம் எங்கள் பொடியில் செய்த, வெளிச்சத்தை உணரும் செல். தண்ணீர் கலங்கினால் செல்லுக்கு வெளிச்சம் குறையும், மின்மணி அடிக்கும். வெறும் மஞ்சள் பொடிக்கு அந்த பல்பு வெளிச்சம் போதவில்லை. சிவந்த பொடியோ கலங்கல் நீர் வழியே வரும் சிவப்பு வெளிச்சத்தையும் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆரஞ்சு நிறம் வேண்டியிருந்தது. அதைப் பிடிப்பதற்குள் எங்கள் பிராணன் போய்விட்டது.

பெட்டி வைத்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியும் மகளும் அருவியில் நின்றார்கள். நான் கரையில் துணிமூட்டைக்குக் காவல். டீச்சர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் குனிந்தார். பெட்டிக்குள் தண்ணீர் காப்பி நிறமாக இருந்தது. மணி அடிக்கவில்லை. அவர் பெட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை, யோசிக்கவுமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடினார். "ஏட்டி, பாம்பு! பாம்பு வருது! ஓடுங்கட்டி!"

அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். என் மகள் வழுக்கி விழுந்தாள். டீச்சர் அவள் சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார். "எங்கன பாம்பு? குளிக்க விடாம ஏன் இப்படி ஊளையிடுதே?" என்று ஒரு ஆச்சி சண்டைக்கு வந்தார். அவர் கேட்டு முடிக்கவில்லை, அருவி இரைந்தது. அவர்கள் நின்ற பாறையே தெரியாமல் செம்மண் தண்ணீர் மூடிக்கொண்டு போனது. நான் துணிமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

என் மனைவி ஈரத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெய்வம் டீச்சர்" என்றாள். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெய்வமாவது! மணி அடிக்கலை. வெள்ளம்னு சொன்னா வேடிக்கை பாக்க நிப்பாளுவோன்னு பாம்புன்னேன். இன்னிக்கு நான் பக்கத்துல நின்னேன். நாளைக்கு?"

தவறு எங்கே என்று அடுத்த வாரமே கண்டுபிடித்தார். சாரலின் ஈரம் ஏறாமல் இருக்கச் செல்லின் மேல் அவர் கொம்பரக்கைக் கரைத்துப் பூசியிருந்தார். பழுப்பு மஞ்சளான அரக்கு. நீலத்தையும் பச்சையையும் அதுவே விழுங்கிவிட்டு, கலங்கல் நீரும் தடுக்காத செம்மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. செல்லுக்குத் தெளிந்த தண்ணீரும் ஒன்றுதான், கலங்கலும் ஒன்றுதான். "பொடியை மாசக்கணக்கா அளந்தோம் அண்ணாச்சி. அதுக்கு மேல பூசினதை அளக்கலை. உங்க மகளை நான் கொன்னிருப்பேன்" என்றார். அரக்கை எடுத்துவிட்டு, செல்லைத் தெளிந்த கண்ணாடிக் குழலுக்குள் வைத்து மூடினோம். எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்.

அதற்குப் பிறகு மணி ஒழுங்காக அடித்தது. ஆனாலும் சீசன் வந்தால் ஞாயிறு தவறாமல் டீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். "அதான் அடிக்குதே, இன்னும் என்ன?" என்று அலுத்துக்கொண்டேன். "அடிக்கிற வரைக்கும் அடிக்கும் அண்ணாச்சி" என்றார். உங்களில் பலர் அவரை அங்கே பார்த்திருப்பீர்கள். அருவிக் காதல் பிடித்தவர் என்று கேலிகூடப் பேசியிருப்பீர்கள். அருவியின் மேல் அவருக்கு ஆசையும் உண்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வாசுதேவநல்லூரில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, இந்த வாரம் பெட்டிக்குப் பக்கத்தில் ஆளில்லையே என்று தம்பியிடம் சொன்னேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "அக்கா ஒரு நாளும் அருவியில தலையைக் கொடுத்ததில்லை, தெரியுமா அண்ணாச்சி? நீச்சல் தெரியாது. தண்ணி இரைச்சல் கேட்டாலே அவளுக்குக் கால் நடுங்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா சாப்பிடாம படுத்துக்கிடுவா."

எனக்கும் நீச்சல் தெரியாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்ற இடத்தில் சாயங்காலம் வரை நின்றேன். கால் நடுங்கியது. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடுக்கம்தான். அதை வைத்துக்கொண்டு நிற்கலாம் என்று இப்போது தெரிகிறது.