பதிவு எண் இல்லாத படிப்புக்கு நான் சொன்ன ஸ்தோத்திரம்

விசுவாசக் குடும்பத்தார் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். அல்வாலில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் சபையின் முன்னால் நின்று ஒருமுறை பொய்ச் சாட்சி சொன்னவள். வேண்டுமென்று சொல்லவில்லை, அவசரப்பட்டுச் சொன்னேன். அதற்கு மாதக்கணக்கில் அழுதேன்.

2004-ல் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வேலைக்கென்றே வளர்த்த காலம். என்னையும் கணக்கு குரூப்பில்தான் சேர்த்திருந்தார்கள். எனக்கோ நர்ஸ் ஆக வேண்டும். பயாலஜி இல்லாமல் பிஎஸ்ஸி நர்சிங் கிடைக்காது என்றார்கள். மூன்றரை வருட ஜிஎன்எம் நர்சிங் படிப்புக்கும் அதே கதைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அப்போது ஒரு தனியார் நிறுவனம், ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ, எந்த குரூப்பானாலும் போதும் என்றது. சேர்ந்த வாரமே சபை முன்னால் போய், கர்த்தர் என்னை நர்ஸ் ஆக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா அழுதேவிட்டார்.

ஜனவரியில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனேன். அங்கிருந்த ஸ்டாஃப் நர்ஸ் என் படிப்பை விசாரித்துவிட்டு, இதை வைத்து நர்சாகப் பதிவு செய்ய முடியாது, ஆயுசுக்கும் உதவியாள்தான் என்றார். நம்பாமல் நர்சுகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அதே பதில். திரும்பும்போது என் ஸ்டாப்பில் இறங்கக்கூட நினைவில்லை.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் கதவைத் திறக்கும்போதே அப்பா, "வாங்க நர்சம்மா" என்பார். சபையில் பெரியம்மாமார், பிபி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார்கள். எனக்கு உடம்பு கூசும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முழங்காலில் நிற்பேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? 'ஆண்டவரே, இந்தப் படிப்புக்கு எப்படியாவது அங்கீகாரம் வாங்கிக்கொடும்' என்று. என் சாட்சி பொய்யாகிவிடக் கூடாதே! பதில் இல்லை. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்றும் நினைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் வாலிபர் ஞாயிறு வந்தது. அதே சாட்சியை மறுபடி சொல்லும்படி பாஸ்டர் கேட்டார். அன்று காலை என் ஜெபம் மாறியது. 'நான் பொய்க்காரி ஆனாலும் பரவாயில்லை, வழியை மட்டும் காட்டும்' என்றேன். முன்னால் போய் உள்ளதைச் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து அழுதபடி செருப்பை மாட்டினேன். எங்கள் சபைக்கு மௌலா அலியிலிருந்து வரும் கிரேஸ் ஆன்ட்டி பக்கத்தில் வந்தார். பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்திருந்தேன். நர்சிங் ஸ்கூலில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவராம். எங்கள் பக்கத்து உருது கலந்த தமிழில் கேட்டார்.

"கைக்கு அழுறே? எதுக்கு? ஜிஎன்எம்ல பயாலஜி பிள்ளைங்களுக்கு முதல் இடம், ஹவ், ஆமா. மிச்ச சீட்டுக்கு உன் குரூப்பும் எடுப்பாங்கம்மா. யார்கிட்டயாவது கேட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"மூணரை வருஷம் படி. பதிவு நம்பர் வாங்கு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல பிஎஸ்ஸியும் முடிச்சிடலாம். குறுக்குவழி நக்கோ, வேணாம்."

விண்ணப்பித்தேன். காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. வகுப்பு தொடங்கி ஒரு வாரமாகியும் அழைப்பு இல்லை. அம்மாவும் நானும் உபவாசம் இருந்தோம். சபையில் உள்ளதைச் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசாமலிருந்த அப்பா, மூன்றாம் நாள் வந்து பக்கத்தில் முழங்காலிட்டார். மறுநாள் போன் வந்தது. ஒரு பெண் பிஎஸ்ஸி கிடைத்துப் போய்விட்டாளாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வேறு இடங்களில் சேர்ந்துவிட்டார்களாம்.

இன்று, 2012-ல், நான் பதிவு பெற்ற நர்ஸ். பிஎஸ்ஸியும் முடித்துவிட்டேன். கர்த்தருக்கே மகிமை. பிள்ளைகளே, அவரை நம்புங்கள், கடைசிப் பெயரையும் கூப்பிடுகிறவர் அவர். எந்தப் படிப்பில் சேருவதானாலும் மார்க் மெமோ என்கிற மதிப்பெண் பட்டியலோடு முதலில் என்னிடம் வாருங்கள். ஜெபமும் பண்ணுவோம், விசாரிக்கவும் செய்வோம். ஸ்தோத்திரத்தை அதற்குப் பிறகு சொல்லலாம்.